ஏன் இத்தனை படி?



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் சேர்க்க மனமில்லாமல் மேசைமேலேயே வைத்திருந்தேன். தென்காசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தும் ஆசிரியை எழுதியது. பிளஸ் ஒன் வகுப்பில் சுவாசித்தல் பாடம். குளுக்கோஸில் தொடங்கி பைருவேட்டில் முடியும் பத்துப் படிகளையும் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஒவ்வோர் அம்புக்குறிக்கும் பக்கத்தில் அந்த வேலையைச் செய்யும் நொதியின் பெயரையும் எழுதிவிட்டுக் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டியபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாளாம். “டீச்சர், சர்க்கரைய அடுப்புல போட்டா ஒரு நிமிசத்துல எரிஞ்சு போயிருது. உடம்புக்கு மட்டும் எதுக்கு டீச்சர் இத்தனை படி, இத்தனை நொதி?”

“நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எனக்கே அது போதவில்லை. நீங்கள் உங்கள் பக்கத்தில் எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்” என்று கடிதத்தை முடித்திருந்தார். டீச்சர், இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் உங்கள் வகுப்புக்கே.

முதலில் அந்த மாணவிக்கு ஒரு சபாஷ். அவள் சொன்னது சரி. சர்க்கரை அடுப்பில் எரிந்தாலும் உடம்புக்குள் எரிந்தாலும் கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்தான். வெளிவரும் மொத்த ஆற்றலும் ஒரே அளவுதான்; 180 கிராம் குளுக்கோஸுக்குச் சுமார் 670 கிலோகலோரி. ஆனால் அடுப்பில் அத்தனையும் ஒரே மூச்சில் சூடாகிப் போய்விடுகிறது. செல்லுக்குள் அப்படி நடந்தால் செல்லே வெந்துவிடும். தப்பிப் பிழைத்தாலும், வெறும் சூட்டை வைத்துக்கொண்டு தசை சுருங்காது, நரம்பில் செய்தி ஓடாது, ஒரு புரதம்கூட உருவாகாது.

உங்கள் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக விழுகிறது. பார்க்க அழகு, குளிக்கச் சுகம். ஆனால் விழுகிற இடத்தில் நெல் விளையாது. அதே தண்ணீர் சிற்றாறாக இறங்கி, அணைக்கட்டுக்கு அணைக்கட்டு தேங்கி, வாய்க்காலில் பிரிந்து, குளத்தில் நிறைந்து, மடை வழியாக வெளியேறும்போதுதான் வயல் நனைகிறது. உயரம் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். படிப்படியாக இறங்கியதால் அது பயிராகிறது. செல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு நொதியும் அப்படி ஓர் அணைக்கட்டு, ஒரு மடை. ஒன்று விடும் தண்ணீரை அடுத்தது வாங்குகிறது. இந்தத் தொடர் ஓட்டத்தைத்தான் பாடப்புத்தகம் வளர்சிதை மாற்றம் என்கிறது.

இவை தனித்தனியாக வேலை செய்வதில்லை, கூட்டாகத்தான் செய்கின்றன என்பதை மனிதன் தெரிந்துகொண்ட கதையே சுவையானது. நொதி என்ற நம் சொல் நொதித்தலிலிருந்து வந்தது. 1870களில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் கூனே சூட்டிய ‘என்சைம்’ என்ற பெயருக்கும் ஈஸ்டுக்குள் இருப்பது என்பதே பொருள். இரண்டு மொழியிலும் பெயர் பிறந்த இடம் புளித்துப் பொங்கும் பாத்திரம்தான். அது பொங்குவதற்கு உயிருள்ள ஈஸ்ட் செல் கட்டாயம் வேண்டும், செல் செத்தால் நொதித்தல் இல்லை என்பது லூயி பாஸ்டரின் முடிவு. அவர் சொன்னதை மறுக்க யாரிடமும் சான்று இல்லை.

1897-இல் எட்வர்ட் பூக்னரிடம் அந்தச் சான்று கிடைத்தது, அவர் தேடாமலே. ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, ஒரு செல்கூட இல்லாத சாற்றை எடுத்தார். மருத்துவ ஆய்வுக்காக எடுத்த சாறு அது. சீக்கிரம் கெட்டுப்போனதால், நம் வீட்டில் நெல்லிக்காயைப் பாகில் போட்டு வைப்பதைப் போல அதில் நிறையச் சர்க்கரையைக் கலந்து வைத்தார். சாற்றில் குமிழிகள் கிளம்பின. உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமல் சர்க்கரை சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாறிக்கொண்டிருந்தது. நொதித்தலை உயிருள்ள செல்லுக்கு வெளியேயும் நடத்த முடியும் என்று உலகம் கண்டுகொண்டது அன்றைக்குத்தான். 1907-இல் பூக்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பொருள் என்று பூக்னர் நினைத்தார். அதற்கு ‘சைமேஸ்’ என்று பெயரும் வைத்தார். சில ஆண்டுகளில் லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் அதே சாற்றை மிக நுண்ணிய வடிகட்டியில் இட்டு இரண்டாகப் பிரித்தார்கள். மேலே தங்கியது ஒன்று, கீழே இறங்கியது ஒன்று. தனித்தனியே வைத்தால் இரண்டும் சும்மா இருந்தன. சேர்த்து ஊற்றியதும் மறுபடி பொங்கத் தொடங்கியது. கீழே இறங்கிய பகுதியைக் கொதிக்க வைத்துச் சேர்த்தாலும் வேலை நடந்தது. மேலே தங்கியவை சூடு தாங்காத பெரிய புரதங்கள், அதாவது நொதிகள். கீழே இறங்கியவை சூட்டுக்கு அசையாத சிறு மூலக்கூறுகள். இன்று துணைநொதிகள் என்கிறோம். சாற்றில் பாஸ்பேட் உப்பைச் சேர்த்தால் நொதித்தல் வேகம் பிடிப்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒற்றைப் பொருள் என்று நினைத்தது ஒரு பெரிய கூட்டம் என்று தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயரையும் அவர் நிற்கும் இடத்தையும் கண்டறிய இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எம்டன், மேயர்ஹாஃப், பர்னாஸ் முதலிய பலரின் உழைப்புதான் உங்கள் கரும்பலகையில் இருக்கும் அந்தப் பத்துப் படி.

ஒரு நொதியின் தனித்திறமை என்ன? வேகம். தானாக நடக்க யுகங்கள் ஆகும் வேதிவினையை அது நொடியில் முடிக்கிறது. நம் செல்கள் ஆர்.என்.ஏ.வுக்குத் தேவையான யூரிடினைச் செய்யும் வழியில் ஒரு படி இருக்கிறது. நொதி இல்லாமல் தண்ணீரில் விட்டுவைத்தால் அந்த மூலக்கூறுகளில் பாதி மாறி முடிக்கச் சுமார் 7 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் ஆகும். அதற்கான நொதி இருந்தால் ஒரு மூலக்கூறு மாற நொடியில் சிறு பகுதி போதும். நம் இரத்தச் சிவப்பணுக்களில் கரியமில வாயுவைக் கரைத்துக் கொடுக்கும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ், ஒரு நொடியில் ஏறக்குறைய 10 லட்சம் மூலக்கூறுகளைக் கையாளுகிறது. இத்தனை வேகம் இருந்தும் ஒரு நொதிக்கு ஒரு வேலைதான் தெரியும். தனக்கு முன்னால் என்ன நடந்தது, தனக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பது எதுவும் அதற்குத் தெரியாது. ஆகவே அது எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் வரிசையில் இல்லாவிட்டால் பயனில்லை.

இனி மாணவியின் கேள்விக்கு நேராக வருகிறேன். இத்தனை படிகளுக்கு நான் மூன்று காரணம் சொல்வேன்.

முதல் காரணம், ஆற்றலைக் கைநழுவாமல் பிடித்துக்கொள்வது. செல்லுக்குள் எந்த வேலைக்கும் செலவாகும் பொருள் ஏடிபி. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு படிப்படியாக எரிந்து முடியும்போது சுமார் 30 முதல் 32 ஏடிபி வரை கிடைக்கிறது. அதாவது மொத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படும் வடிவில் கையில் நிற்கிறது. மிச்சம் உடம்பைக் கதகதப்பாக வைக்கிறது. ஒரே அடியில் எரித்தால் ஒரு ஏடிபிகூடத் தேறாது. உடம்பில் எந்த நேரத்திலும் இருப்பில் உள்ள ஏடிபி மிகக் கொஞ்சம். ஆனால் அது உடைந்து, மீண்டும் உருவாகி, மீண்டும் உடைந்து, ஒரு நாளில் சுழலும் மொத்த அளவு நம் உடல் எடையை நெருங்குகிறது.

இந்த ஏடிபியைச் சொல்லும்போது ஒருவரை நினைக்காமல் கடந்து போக எனக்கு மனம் வராது. எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக் தேர்வில் தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முயற்சியில் தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தது பேராசிரியர் ஒருவருக்குப் பிடிக்காததால், முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது என்பார்கள். கடல் கடந்து பாஸ்டன் போய், மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆய்வு செய்தார். சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க 1925-இல் அவர் வகுத்த முறையை உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் அந்த இருவர் பெயராலேயே படித்தார்கள். அந்த முறையை வைத்தே தசைக்குள் பாஸ்போகிரியேட்டினைக் கண்டார்கள். 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் ஏடிபியைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தனியே கண்டுபிடித்தார்கள். எந்தத் தசை அசைவுக்கும் அடியில் இருக்கும் பொருளைக் கண்டவர்களில் ஒருவர் நம் சென்னையின் பழைய மாணவர்.

இரண்டாம் காரணம், கட்டுப்பாடு. அருவியை நிறுத்த முடியாது. மடையை அடைக்க முடியும். பத்துப் படிகளில் மூன்றாவது படியில் நிற்கும் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதிதான் தலைமடை. அதன் உடம்பில் வேலை செய்யும் இடம் ஒன்று, செய்தி வாங்கும் இடம் வேறு. செல்லில் ஏடிபி போதுமான அளவு சேர்ந்துவிட்டால், அந்த ஏடிபியே வந்து செய்தி வாங்கும் இடத்தில் உட்காருகிறது. நொதியின் வேகம் குறைகிறது. ஓடியாடி ஏடிபி செலவாகிவிட்டால், செலவின் மிச்சமான ஏஎம்பி வந்து உட்காருகிறது, மடை திறக்கிறது. வரிசையில் வெகு தூரம் தள்ளி உருவாகும் சிட்ரேட்டும் அதிகமாகத் தேங்கினால் இங்கே வந்து “இப்போதைக்குப் போதும்” என்கிறது. கடைமடை வயல் நனைந்த சேதி தலைமடைக்கு வந்து சேர்வதைப் போல. நடுவில் நின்று உத்தரவு போடும் ஆள் யாருமில்லை. செய்யப்படும் பொருளே சேதியாகவும் இருக்கிறது. படிகள் பல இருப்பதால்தான் இப்படி ஓரிடத்தில் மடை வைக்க முடிந்தது.

இந்த ஒழுங்கு ஒரு செல்லோடு நிற்கவில்லை. கபடி ஆடும் பிள்ளையின் தசைக்கு மூச்சு போதாமல் போகும்போது பைருவேட் லாக்டேட்டாக மாறி இரத்தத்தில் இறங்குகிறது. கல்லீரல் அதை வாங்கி, அதன் நொதிகளைக் கொண்டு மீண்டும் குளுக்கோஸாக்கித் தசைக்கே அனுப்புகிறது. கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் கண்ட சுழற்சி இது. 1947-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இரவு முழுக்க நாம் சாப்பிடாமல் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை குறையாமல் இருப்பது கல்லீரல் நொதிகளின் தயவு. சாப்பிட்டதும் இன்சுலின் வந்து, “நீ செய்தது போதும், வந்ததைச் சேமித்து வை” என்று அதே கல்லீரலைத் திருப்புகிறது. சர்க்கரை நோய் என்பது இந்தச் சேதிப் போக்குவரத்து குலைவதுதான்.

மூன்றாம் காரணம், கிளை வாய்க்கால். பத்துப் படிகளில் நடுவழியில் உருவாகும் பொருள்கள் வெறும் வழிப்போக்கர்கள் இல்லை. ஒரு படியிலிருந்து பிரிந்து போனால் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய சர்க்கரை கிடைக்கிறது. இன்னொன்றிலிருந்து பிரிந்தால் அமினோ அமிலம். வேறொன்றிலிருந்து கொழுப்பின் முதுகெலும்பான கிளிசரால். ஒரே அடியில் எரித்துவிட்டால் இந்தப் பொருள்கள் உருவாகும் இடமே இருக்காது. நாம் சாப்பிடும் சோறு எரிபொருளாக மட்டுமில்லாமல் உடம்பாகவும் ஆவது இந்தப் படிகளால்தான்.

சோறு என்றதும் நம் மக்களின் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பத்துப் படி முடிந்து பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகிறது. அங்கே வாசலில் நிற்பது பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற கூட்டமைப்பு. மூன்று வகை நொதிகள், ஒவ்வொன்றிலும் பல பிரதிகள், எல்லாம் ஒன்றாகப் பின்னி, புரதம் கட்டும் ரைபோசோமைவிடப் பெரிய உருவம். அதன் நடுவில் லிப்போயிக் அமிலம் பூட்டிய நீண்ட கை ஒன்று ஆடிக்கொண்டே இருக்கிறது. முதல் நொதியிடம் வாங்கி, இரண்டாவதிடம் கொடுத்து, மூன்றாவதிடம் போய்த் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, மீண்டும் முதல் நொதியிடம் திரும்புகிறது. செங்கல்லைத் தரையில் வைக்காமல் கைக்குக் கை மாற்றிவிடும் சித்தாட்களைப் போல, நடுவில் எதுவும் சிதறுவதில்லை. இந்தக் கூட்டுக்கு ஐந்து துணைநொதிகள் வேண்டும். அவற்றில் நான்கு, நாம் உணவில் பெறும் பி வைட்டமின்களிலிருந்து வருபவை: தயமின் என்ற பி1, ரைபோஃபிளேவின், நியாசின், பாண்டோதெனிக் அமிலம்.

இவற்றில் பி1 ஒன்று குறைந்தால் என்ன ஆகும்? கை நின்றுவிடும். பைருவேட் வாசலிலேயே தேங்கும். சர்க்கரையை நம்பி வாழும் நரம்பும் ஓயாமல் துடிக்கும் இதயமும் முதலில் தளரும். கால் மரத்து, வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் செயலிழந்து மனிதர் சாவார். இதுதான் பெரிபெரி. நெல்லை எந்திரத்தில் தீட்டி வெள்ளை வெளேரென்று அரிசி விற்கத் தொடங்கிய பிறகு ஆசியா முழுவதும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற நோய். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி தின்றதும் எழுந்து நிற்பதையும் 1890களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மன் கவனித்தார்.

சில ஆண்டுகள் கழித்து மலாயாவில் லெனார்ட் பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். அதே நாட்டில் கடும் உழைப்பிலும் வறுமையிலும் கிடந்த தமிழ்த் தொழிலாளர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. கோலாலம்பூரில் மனநோயாளிகள் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் இன்னொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதல் பிரிவில் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். இரண்டாம் பிரிவில் நோய் ஏறக்குறைய இல்லவே இல்லை.

காரணம் நம் பாட்டிமார் நெல் அவித்த அண்டாவில் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு உள்ளே தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1, தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளே தங்குகிறது. நொதி என்ற சொல்லையே கேள்விப்படாத பெண்கள், தங்கள் பிள்ளைகளின் செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதிக்குத் துணை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1936-இல் அந்த பி1-ஐ ஆய்வகத்தில் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே ஆக்ஸ்ஃபோர்டில் ரூடால்ஃப் பீட்டர்ஸ், பி1 இல்லாத புறாக்களின் மூளையில் பைருவேட் தேங்குவதையும், குடுவையில் அந்தத் திசுவோடு துளி பி1 சேர்த்ததும் அது மீண்டும் ஆக்சிஜனை எடுப்பதையும் காட்டினார். தவிடு, கோழி, கூலித் தொழிலாளி, நொதி எல்லாம் ஒரே கயிற்றில் கோத்து நின்றன.

வாசலைத் தாண்டியதும் தேரோட்டம். நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோஅசிட்டேட், இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைலை ஏற்றிக்கொண்டு ஆறு கார்பன் சிட்ரேட்டாகக் கிளம்புகிறது. வழியில் இரண்டு கார்பன்கள் கரியமில வாயுவாக இறங்கிவிடுகின்றன. எட்டு நொதிகள் ஆளுக்கொரு வீதி இழுத்துக் கடைசியில் தேர் நிலைக்கு வந்து சேர்கிறது. அதே ஆக்சலோஅசிட்டேட் அடுத்த சுற்றுக்கு நிற்கிறது. நாம் இப்போது விடும் மூச்சில் இருப்பது அந்த வழியில் இறங்கிய கார்பன்தான், முன்பு சாப்பிட்ட சோற்றின் கார்பன். 1937-இல் ஷெஃபீல்டில் புறாவின் மார்புத் தசையை அரைத்து ஆய்ந்த ஹான்ஸ் கிரெப்ஸ் இந்தச் சுற்றைக் கண்டார். யூதர் என்பதற்காக 1933-இல் ஜெர்மனியில் வேலையிலிருந்து நீக்கப்பட்டு இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தவர் அவர். தன் கண்டுபிடிப்பை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன, இப்போது இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வேறோர் இதழில் வெளியிட்டார். 1953-இல் நோபல் பரிசு பெற்றார். ஓர் இதழாசிரியராக இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையையும் இன்னொரு முறை படிக்கச் சொல்லும் கதை இது.

தேர் சுற்றும்போது பிரியும் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் படிப்படியாக இறங்கி, கடைசியில் நாம் இழுத்த மூச்சின் ஆக்சிஜனைச் சேர்ந்து தண்ணீராகின்றன. அந்த இறக்கத்தின் விசையால் புரோட்டான்கள் சவ்வுக்கு மறுபுறம் தள்ளப்பட்டு, அணை நீர் போலத் தேங்குகின்றன. அவை திரும்பப் பாயும் முக்கிய வழியில் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி நிற்கிறது. தண்ணீர் பாய்ந்தால் சுழலும் சக்கரம்போல அது உண்மையிலேயே சுழல்கிறது. சுழன்று சுழன்று ஏடிபியைச் செய்து தள்ளுகிறது. பெரும்பகுதி ஏடிபி கிடைப்பது இங்கேதான்.

இப்படிப்பட்ட நொதி வரிசை ஒன்றில் ஒரே ஒருவர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு தாய் உலகுக்குக் காட்டினார். 1934-இல் ஆஸ்லோவில், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளின் சிறுநீரில் ஒரு வினோத நாற்றம் வருகிறது என்று மருத்துவர் மருத்துவராக அலைந்தார். அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் ஒருவர் மட்டும் காது கொடுத்தார். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் கல்லீரல் நொதி அந்தக் குழந்தைகளிடம் இல்லை. மாறாத பொருள் தேங்கித் தேங்கி மூளையைக் கெடுத்தது. பிறந்த சில நாளில் கண்டுபிடித்து, அந்த அமினோ அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தம் போதும். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி கொண்டுவந்த சோதனை இது. இன்று பல நாடுகளில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இதைச் செய்கிறார்கள். நம் நாட்டில் இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் இது வழக்கமாகவில்லை.

வரிசையில் ஒருவரை வேண்டுமென்றே நிறுத்தி உயிர் காப்பதும் உண்டு. சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் இளவயதில் ஸ்புரூ என்ற குடல் நோயால் இறந்தார்கள். அந்த நோயாளிகளுக்குக் குறைவது ஃபோலிக் அமிலம். பிற்காலத்தில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் அந்த ஃபோலிக் அமிலத்தையே செயற்கையாகச் செய்தார்கள். அதோடு, அதைப்போலவே தோற்றம் காட்டி நொதியை ஏமாற்றும் மருந்துகளையும் உருவாக்கினார்கள். புற்றுச் செல்லின் ஒரு நொதி அந்தப் போலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட, செல் பெருக முடியாமல் போகிறது. 1947-48-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அவற்றில் ஒன்றைக் கொடுத்தபோது, முதன்முறையாக அந்த நோய் சிறிது காலமாவது பின்வாங்கியது. 1948-இல் சுப்பாராவ் காலமானார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

டீச்சர், உங்கள் மாணவிக்கு என் பதில் இதுதான். ஒரே படியில் எரிவது நெருப்பு. பல படிகளில், பல கைகளில், கேட்டும் கொடுத்தும் எரிவது உயிர். அந்தப் பத்துப் பெயர்களையும் அவள் மனப்பாடம் செய்யட்டும், தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது “இது யாரிடம் வாங்குகிறது, யாருக்குக் கொடுக்கிறது, இது நின்றுபோனால் யாருக்கு நோய் வரும்?” என்று மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். அந்தப் பெயர்கள் தாமாகவே மனதில் தங்கிவிடும்.

மற்ற வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வீட்டில் அதிகம் தீட்டாத அரிசிக்கும் புழுங்கல் அரிசிக்கும் இடம் கொடுங்கள். அரிசியைப் பலமுறை கழுவாதீர்கள், வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். பி1 தண்ணீரில் கரைந்து போகும் பொருள். உங்கள் குடும்பத்தில் குழந்தை பிறக்கும்போது, குதிகால் இரத்தச் சோதனை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால்தான் அது எல்லா ஊருக்கும் வந்து சேரும்.

அன்புடன்,
ஆசிரியர்